ஆறாவது பேர்

ஆகிரி ராகத்தைக் காலையில் பாடினால் அன்றைக்குச் சாப்பாடு கிடைக்காது என்று சங்கீதம் தெரிந்தவர்கள் பயப்படுவார்கள். அண்ணாச்சி அதைக் காலை எட்டு மணிக்கு, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பாடுவார். அதற்கு முன்னால் தூக்குச்சட்டியைத் திறந்து நாலு இட்லியை உள்ளே தள்ளிவிடுவார். "சாப்பிட்டாச்சுல்ல, இனி அது என்னத்தைச் செய்யும்?" என்பார். மத்தியானச் சாப்பாடு என்று ஒன்று இருக்கிறதே அண்ணாச்சி என்று நான் கேட்டால், "அதுக்குள்ள வேற ராகத்துக்குப் போயிருவேன்லே" என்று பதில் வரும்.

அவர் மருந்தாளுநர். ஊர் வழக்கில் கம்பவுண்டர். நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் பிளேட் போடுகிற வேலையில் இருந்தேன். வெடிப் பெட்டிகளின் மேல் ஒட்டுகிற மயில், கிளி, குழந்தைப் படங்களெல்லாம் என் கை வழியாகத்தான் போகும். சாயங்காலமானால் மிருதங்கம். இரண்டாயிரமாவது வருஷத்தை ஒட்டி ஆரம்பித்து ஏழெட்டு வருஷம் அண்ணாச்சிக்கு நான்தான் பக்கவாத்தியம். பெருமையாகச் சொல்கிறேனே தவிர, மேடைக் கச்சேரி மொத்தமே பத்தைத் தாண்டாது. யார் கூப்பிடுவார்கள்? அவர் இயற்றிய கீர்த்தனைகள் அத்தனையும் செத்தவர்களைப் பற்றியவை. காது குத்துக்கு வைக்க முடியுமா, கல்யாணத்துக்கு வைக்க முடியுமா?

எங்கள் பக்கத்தில் கண்மாய்க் கரையிலும் வயற்காட்டிலும் நிற்கிற பெண் தெய்வங்களில் பாதிப் பேர் அகாலத்தில் செத்தவர்கள். மடை உடைப்பு நிற்க வேண்டும் என்று உயிரோடு வைத்து மண் அணைக்கப்பட்டவள், பிடிக்காத கல்யாணத்துக்குப் பயந்து கிணற்றில் குதித்தவள், அண்ணன்மாரே தீயில் தள்ளியவள். செத்த பிறகு ஊருக்குக் காய்ச்சல் வரும், மழை தவறும், யாராவது கனவில் அவள் வந்து நிற்பாள். பிறகு ஒரு கல்லை நட்டுப் பொங்கல் வைத்துவிடுவார்கள். அண்ணாச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்தக் கற்களைத் தேடிப் போவதுதான் வேலை. ஒரு மஞ்சள் பை, ஒரு நோட்டு, பஸ். காரியாபட்டிப் பக்கம் ஒரு வாரம், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு வாரம். நானும் சில தடவை கூடப் போயிருக்கிறேன். வெயிலில் தலை வெந்துவிடும்.

போன இடத்தில் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "அந்தப் பிள்ளை பேரு என்ன?"

கதையை எல்லோரும் சொல்வார்கள். எந்த மரம், எந்தக் கிணறு, என்ன நிறத்துச் சேலை என்பது வரை சொல்வார்கள். பேரைக் கேட்டால் முழிப்பார்கள். "அம்மன்னுதான் சொல்லுவோம்" என்பார்கள். அண்ணாச்சி விடமாட்டார். அவளுடைய பிறந்த ஊர், அவளுடைய மாமன் வீட்டு வகையறா என்று தேடி அலைந்து, பேர் கிடைத்தால்தான் பாட்டு. கிடைக்காமல் அரைகுறையாய் நின்ற பாட்டுகள் அவர் நோட்டில் நிறைய இருந்தன. கடைசி வரிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருப்பார்.

அந்தக் கடைசி வரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கீர்த்தனை இயற்றுகிறவர்கள் சரணத்தின் முடிவில் தங்கள் பேரையோ தங்களுக்கென்று வைத்துக்கொண்ட ஒரு சொல்லையோ வைப்பார்கள். முத்திரை என்று சொல்வது. பாட்டு யாருடையது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அண்ணாச்சி அந்த இடத்தில் தன் பேரை வைத்ததே இல்லை. செத்தவள் பேரைத்தான் வைப்பார்.

"நாளைக்கு எவனாவது தூக்கிட்டுப் போய்த் தன் பாட்டுன்னு சொன்னா என்ன செய்வீக அண்ணாச்சி?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"சொல்லட்டும். அவ பேரைச் சொல்லித்தான லே பாட்டை முடிக்கணும்? அது போதும்" என்றார். பிறகு கொஞ்சம் சூடாகவே சொன்னார்: "கொன்னவன் வீட்டு ஆளுகளே கோயிலைக் கட்டிருவாக. கும்பாபிஷேகத்துக்குக் கல்லுல அவுக பேரு, உபயம்னு டியூப் லைட்டுல அவுக பேரு. அவ பேரு எங்கன இருக்கு? எங்கனயும் இல்ல."

ராகம் தேர்ந்தெடுப்பதிலும் அவர் வழி தனி வழி. செத்தவர்களைப் பாடுகிறவர் முகாரியில் அல்லவா நிற்க வேண்டும்? முகாரிப் பக்கமே போகமாட்டார். "முகாரி அழுகுறவுகளுக்கு. நான் அவுகளைப் பாடல" என்பார். தானியம் கொட்டுகிற பெரிய மண் குலுக்கைக்குள் ஒளிந்து விளையாடி, மேலே மூடி விழுந்து, மூச்சு முட்டிச் செத்துப்போன அக்காள் தங்கச்சி இரண்டு பேர் ஒரு கிராமத்தில் தெய்வமாக இருந்தார்கள். பொன்னுத்தாய், பூவுத்தாய். அண்ணாச்சி அந்தப் பாட்டைக் கதனகுதூகலத்தில் போட்டார். துள்ளிக்கொண்டு ஓடுகிற ராகம். 'ஒளிந்தவர் யாரடி, தேடினவர் யாரடி, பொன்னுத்தாயே, பூவுத்தாயே' என்று முடியும்.

விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அதைப் பாடியபோது, முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். சங்கீதம் நன்றாகத் தெரிந்தவர், கடையில் வெங்காய மூட்டைக்கு நடுவிலும் தாளம் போடுகிறவர். "ரெண்டு பச்சைப் பிள்ளைக செத்ததை இப்படியா துள்ளிக்கிட்டுப் பாடுவீக? மனசாட்சி வேணாமா?" என்று கேட்டார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. நான் மிருதங்கத்தைத் துடைக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. மைக்கிலேயே சொன்னார். "செத்தது ராத்திரிங்க. நான் பாடுறது சாயங்காலத்தை. இன்னும் ரெண்டும் விளையாடிக்கிட்டுத்தான் இருக்குதுக."

பெரியவர் அப்படியே உட்கார்ந்தார். பாட்டு முடிகிற வரைக்கும் அவர் தாளம் போடவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரி ஜன்னலிலும் அண்ணாச்சி இதே ஆள்தான். சீட்டில் உள்ள பேரை நோயாளி வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும், அப்போதுதான் மாத்திரை. புருஷனுக்கு மருந்து வாங்க வந்த ஒரு அம்மா, அவர் பேரை வாயால் சொல்லமாட்டேன் என்று அடம்பிடித்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன். வரிசை வாசல் வரை நீண்டுவிட்டது. "பழனியில இருக்காருல்ல, அவரு பேருதான்" என்கிறாள். "பழனியில ஆயிரம் பேரு இருக்காக தாயி" என்கிறார் இவர். "கையில வேல் வச்சிருப்பாருல்ல" என்கிறாள். "போலீஸ்காரன் கூடக் கம்பு வச்சிருப்பான்" என்கிறார். கடைசியில் பின்னால் நின்ற யாரோ, "முருகேசன்யா, குடுத்துத் தொலையும்" என்று கத்தினார்கள். அந்த அம்மாள் வெட்கத்தோடு தலையாட்டிய பிறகே மருந்து போனது. "எதுக்கு இந்தக் கூத்து?" என்று நான் எரிச்சல்பட்டேன். "மருந்துச் சீட்டுல பேர் மாறினா ஒரு உசுரு மாறிப் போயிரும்லே" என்றார்.

அப்படிப்பட்டவர் தெரிந்தே ஒரு சீட்டில் பேரை மாற்றி எழுதினார். ஒரே ஒரு தடவை.

தாயில்பட்டியைத் தாண்டி ஒரு பட்டாசு கம்பெனியில் கோடையில் விபத்து. பேர் வேண்டாம், அப்படி எத்தனையோ. அன்றைக்கே செத்தது நாலு பேர், மறுநாள் ஒருவர். ஆறாவதாக ஒரு பெண்பிள்ளை மட்டும் வார்டில் கிடந்தாள். கம்பெனி கொடுத்த பட்டியலில் அவள் பேர் செல்வி, வயது இருபது. தீப்புண்ணுக்கான களிம்பை அண்ணாச்சியே கையில் எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனார். வழக்கம்போல, "பேரு என்ன தாயி?" என்று கேட்டிருக்கிறார்.

"முனீஸ்வரி" என்றிருக்கிறாள் அந்தப் பிள்ளை.

பக்கத்தில் நின்ற தாய்க்காரி, "செல்விதான் சார். வலியில தங்கச்சி பேரைச் சொல்லுது" என்று சொல்லிவிட்டு, அவரை வராண்டாவுக்கு இழுத்துக்கொண்டு வந்து காலில் விழுந்தாள். விஷயம் இதுதான். செல்வி மூத்தவள். கம்பெனிப் பதிவேட்டில் இருப்பது அவள் பேர். ஆறு மாதக் கர்ப்பத்தோடு தாய் வீட்டில் இருந்தாள். சீசன் நேரத்தில் ஆள் வரவில்லை என்றால் இடம் போய்விடும் என்று, அக்காளின் அடையாள அட்டையைக் கையில் கொடுத்துத் தங்கச்சியை அனுப்பியிருக்கிறார்கள். முனீஸ்வரிக்குப் பதினேழு வயது. போர்மேனுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவர் ஓடி வந்து மிரட்டிவிட்டுப் போயிருந்தார்: "உண்மையைச் சொன்னீக, நிவாரணம் வராது. அட்டையைக் குடுத்த மூத்தவ மேல கேஸு விழும்."

"வயித்துப் பிள்ளைக்காரி சார் அவ. இவளைத்தான் காப்பாத்த முடியாதுன்னு சொல்லிட்டாக. அவளையாவது விட்டுருங்க சார்" என்று அந்த அம்மா கும்பிட்டாள்.

அண்ணாச்சி சீட்டில் செல்வி என்று எழுதினார். மூன்றாம் நாள் விடியற்காலையில் அந்தப் பிள்ளை போய்விட்டது. செல்வி என்கிற பேரில் போனது.

அதற்குப் பிறகு ஜன்னலில் ஆகிரி கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் பயணமும் நின்றது. நான் போய்க் கூப்பிட்டால், "உடம்பு சரியில்லலே" என்பார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். காரணம் என்ன என்று தெரியாமல் அவர் மேல் வருத்தமாகக் கூட இருந்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் அவரே அச்சகத்துக்கு வந்து என்னை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே முழுக் கதையையும் சொன்னார். அன்று காலை பிரசவ வார்டிலிருந்து ஒரு பெண் சத்து மாத்திரைக்குச் சீட்டோடு வந்திருக்கிறாள். சீட்டில் முனீஸ்வரி, ஆண் குழந்தை என்று எழுதியிருந்தது. பேரைச் சொல்லச் சொல்லியிருக்கிறார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "முனீஸ்வரி" என்று சொல்லியிருக்கிறாள். அது மூத்தவள். செல்விதான் செத்துப்போனாள் என்று சர்க்காருக்குச் சொல்லியாகிவிட்டதே, பிறகு அவள் எந்தப் பேரில் பிள்ளை பெறுவாள்?

"ரெண்டு பேரையும் உசுரோட இருக்கவளே வச்சிக்கிட்டிருக்கா. ஒண்ணு அவ பிறந்தப்ப வச்ச பேரு. இன்னொண்ணு அவ வச்சிப் பிழைக்கிற பேரு. செத்த பிள்ளைக்குன்னு ஒரு பேரு மிச்சம் இல்லலே" என்றார். "அதுல ஒண்ணை என் கையால எழுதிக் குடுத்திருக்கேன்."

டீ ஆறிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

விபத்து நடந்து வருஷம் திரும்புகிற நேரத்தில் கம்பெனிக்காரர்கள் அஞ்சலிக் கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். பந்தல், மைக், தாசில்தார் தலைமை. செத்தவர்களைப் பற்றிப் பாட்டுக் கட்டுகிற கம்பவுண்டர் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்லி, மேனேஜர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். ஆறு பேர் கொண்ட பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுத்தார். ஆறாவது பேர் செல்வி. "வெளிச்சத்துக்காக உயிர் கொடுத்தவர்கள்னு வர்ற மாதிரி நாலு வரி போட்டுருங்க" என்றார்.

அவர் போன பிறகு அண்ணாச்சி என்னிடம் சொன்னார். "உசுரு குடுத்தாகன்னு எழுதச் சொல்றாக. குடுக்கலையே லே, போயில்ல போச்சு."

மாட்டேன் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சம்மதித்தார். ஆறு வீட்டுக்கும் போய் வந்தார். என்ன ராகம் என்று கேட்டதற்குப் பூர்விகல்யாணி என்றார். சாயங்காலத்து ராகம், வேலை விட்டு வேன் வருகிற நேரம் என்றார். 'வீடு திரும்பும் நேரமாச்சே, விளக்கு வைத்துக் காத்திருக்கோமே' என்று பல்லவி. மிச்ர சாபு தாளம், ஏழு எண்ணிக்கை, ஆற அமர நடக்கிற நடை. கடைசியில் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, ஒரு பேராக ஆறு பேர்.

ஒத்திகையில் ஐந்து பேர் வரை வருவார். ஆறாவதில் நின்றுவிடுவார். நான் வெறும் தாளத்தை வாசித்துக்கொண்டு காத்திருப்பேன்.

இந்த நேரத்தில்தான் அந்தத் தாய்க்காரி ஜன்னலுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். என்னைப் பார்த்துத் தயங்கினாள். "நம்ம ஆளுதான், சொல்லு தாயி" என்றார் அண்ணாச்சி.

"பங்குனி உத்திரத்துக்குக் கன்னி கும்பிட்டோம் சார்" என்றாள். கல்யாணம் ஆகாமல் செத்த பெண் வீட்டுக்குக் கன்னித் தெய்வம். அவளுக்குப் புதுத்துணி எடுத்து, பெட்டியில் வைத்து, வருஷா வருஷம் கும்பிடுவார்கள். "பாவாடை தாவணி, வளையலு, ரிப்பனு அம்புட்டும் வாங்கி ஓலைப்பெட்டியில வச்சோம். மூணு தடவை பேர் சொல்லிக் கூப்பிடு, பிள்ளை வந்து பெட்டியில உக்காரும்னு சாமியாடி சொன்னாரு. எனக்கு வாய் வரல. அந்தப் பேரைக் கூப்பிட்டா, பக்கத்துல கைப்பிள்ளையோட நிக்கிறவ மேல வந்துருமோன்னு பயந்துட்டேன் சார். கூப்பிடாமலே பெட்டியை மூடிட்டோம்."

"வீட்டுல மூத்தவளை எப்படிக் கூப்பிடுறீக?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"மருமகனும் அக்கம்பக்கமும் முனீசுன்னுதான் கூப்பிடுறாக. வெளியாளுக முன்னால வாய் தவறிரக் கூடாதுன்னு பழக்கிட்டாக. நான் மட்டும் அவளை எந்தப் பேரைச் சொல்லியும் கூப்பிடல. ஏட்டி, வாட்டின்னு ஓட்டிக்கிட்டிருக்கேன். சின்னவ பேரை நான் சொல்லி ஒரு வருசம் ஆச்சு சார்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எல்லாப் பேரையும் பாட்டுல வைப்பீகளாமே. எம்புள்ளை பேரை வைப்பீகளா?"

"பார்ப்போம் தாயி" என்று அண்ணாச்சி முனகினார். அவரிடமிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் அவரோடு சண்டை போட்டேன். "பட்டியல்ல இருக்கறதைப் பாடிட்டு வாங்க அண்ணாச்சி. செல்வின்னு போட்டிருக்கு, செல்வின்னு பாடுங்க. நமக்கு எதுக்கு வம்பு?"

"உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கவளைச் செத்தவன்னு பாடச் சொல்றியா? சர்க்காரு ஒரு தடவை அவளைச் செத்தவன்னு எழுதிருச்சு. நானும் பாடணுமா?"

"அப்ப முனீஸ்வரின்னு பாடுங்க."

"தாசில்தாரு கையில பட்டியல் இருக்கும். முனீஸ்வரி யாரும்பாரு. கேஸு யாரு மேல விழும்? அந்தக் கைப்பிள்ளைக்காரி மேல. அதுவும் போக, இப்ப அவ பேருதான லே முனீஸ்வரி?"

"அப்ப என்னதான் செய்யப் போறீக?"

"தெரியல" என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். தினமும் தனியாகக் கடக்கிற ரோடு அது. அவர் எதற்காவது பயப்படுவார் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

கூட்டத்துக்கு நல்ல கும்பல். கம்பெனிக்கு வெளியே காலி இடத்தில் பந்தல். ஆறு குடும்பத்தையும் முன் வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். அந்தத் தாய்க்காரியும் பக்கத்தில் மூத்தவளும், மடியில் ஒன்பது மாதப் பிள்ளை. சர்க்கார் கணக்கில் அவள் இறந்துபோன செல்வியின் தங்கை முனீஸ்வரி. ஆகவே தாராளமாக வரலாம். முதலாளி எழுந்து பட்டியலை வாசித்தபோது, "செல்வி" என்று வந்ததும் அவள் பிள்ளையின் சட்டைப் பித்தானை அவிழ்த்து மறுபடி போட ஆரம்பித்தாள். பந்தலில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அண்ணாச்சி சுருதிப்பெட்டியைப் போட்டார். பல்லவி, அனுபல்லவி. அவர் குரல் அன்றைக்குப் போல எப்போதும் இருந்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். சரணத்துக்கு வந்தார். முதல் பேர். அந்தக் குடும்பத்தில் ஒரு அழுகை கிளம்பியது. இரண்டாவது பேர். மூன்றாவது, நாலாவது. ஐந்தாவது பேரை முடித்ததும் தாய்க்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூத்தவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினாள். இரண்டு பேரில் எது வந்தாலும் அடி அவளுக்குத்தான்.

ஆறாவது ஆவர்த்தனத்தில் அண்ணாச்சி தன் பேரைப் பாடினார்.

அப்பா பேரோடு சேர்த்து முழுப் பேரையும், நிதானமாக, அந்த ஏழு எண்ணிக்கையும் நிறைய. எனக்குக் கை தடுமாறிவிட்டது. மிருதங்கத்தில் ஒரு சொல் விட்டுப்போய், எட்டிப் பிடித்தேன். மேடையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாட்டுக் கட்டியவர் கடைசியில் தன் பேரைப் போட்டுக்கொள்கிறார் என்று முதலாளி தலையாட்டினார். ஆனால் அந்த இடம் அவருக்கு என்ன இடம் என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருக்கிற ஒருவர் பேரை அவர் அங்கே வைத்ததே இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யாரோ செய்த தப்புக்கு இந்த மனுஷன் போய் அந்த வரிசையில் நிற்க வேண்டுமா? முன் வரிசையில் ஒரு கிழவி, "அட பாவி மனுசா, நல்லா இருக்க ஆளு இப்படியா பாடுவாக" என்று தலையில் கை வைத்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

கூட்டம் முடிந்து எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலம் கொடுக்க ஆரம்பித்தார்கள். மேனேஜர் பட்டியலோடு வந்தார். "அஞ்சு பேருதான் வந்துச்சு. செல்வி பேரை விட்டுட்டீகளே" என்றார். "விட்டுட்டேன், தப்புத்தான்" என்று அண்ணாச்சி கைகூப்பினார். மேனேஜர் முறைத்துவிட்டுத் தாசில்தார் ஜீப்பை வழியனுப்பப் போனார்.

பந்தலுக்குப் பின்னால் நிழலில் நான் மிருதங்கத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். தாய்க்காரி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"எம்புள்ளையை விட்டுட்டீகளே சார்" என்றாள். "அஞ்சு பேருக்கும் பாடுனீக. எம்புள்ளைக்கு மட்டும் இல்லாமப் போச்சே."

"விடல தாயி" என்றார் அண்ணாச்சி. "பஸ்ஸுல துண்டு போட்டு எடம் பிடிக்கிறதில்லையா, அப்படித்தான். அவ எடத்துல வேற பேரு எதுவும் வந்துரக் கூடாதுன்னு நான் உக்காந்திருக்கேன். நீ பேரைச் சொன்னா எந்திரிச்சுருவேன்."

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். மைக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஜீப் போய்விட்டிருந்தது.

"இப்ப யாரும் இல்ல. மூணு தடவை கூப்பிடணும்னுதான சாமியாடி சொன்னாரு? கூப்பிடு. நான் பாட்டுல வாங்கிக்கிறேன்" என்று சொல்லி அண்ணாச்சி சுருதிப்பெட்டியைத் தட்டிவிட்டார். மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் உறையிலிருந்து மிருதங்கத்தை மறுபடி வெளியே எடுத்தேன்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எதிரே வெறுங்காட்டைப் பார்த்து நின்றாள். முதல் தடவை காற்றுத்தான் வந்தது. "முனீசு" என்று உதடு மட்டும் அசைந்தது. அண்ணாச்சி கண்ணை மூடிக் காத்திருந்தார்.

இரண்டாம் தடவை அவளுக்குக் குரல் வந்தது. ஒரு வருஷமாக அடைத்துவைத்த குரல். "ஏ முனீசு!" என்று, விளையாடப் போன பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, காடு முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள்.

"என்னம்மா?"

தண்ணீர் டிரம்முக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூத்தவள் வந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் சாதப் பொட்டலம். கூப்பிட்டது காதில் விழுந்ததும் கேட்டுக்கொண்டே வந்துவிட்டாள். அவளுக்கு அது பழகிப்போயிருந்தது.

தாய்க்காரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மிருதங்கத்தின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"ஒண்ணுமில்ல" என்றாள் கடைசியில். "பிள்ளைக்கு வெயில் அடிக்குது பாரு. இங்கன நிழலுக்கு வா."

மூன்றாம் தடவை அவள் கூப்பிடவில்லை. அண்ணாச்சி கொஞ்ச நேரம் காத்திருந்தார், பிறகு சுருதிப்பெட்டியை அணைத்தார்.